கீறாத முட்டை

போன மாசம் முட்டை ஊறுகாய் போட உட்கார்ந்தேன். வேகவைத்து உரித்த பத்து முட்டை, அகல வாய் கண்ணாடி பாட்டில், வினிகர். எட்டிப் பார்த்த அம்மா, "நாலு பக்கமும் கீறி விடுடா, அப்பத்தான் உப்பு உள்ள இறங்கும். மூணு நாள் மாடில வெயில்ல வை" என்றார்.

முட்டைக் குழம்புக்குக் கீறுகிறோம், மாங்காய்க்கு வெயில் காட்டுகிறோம். எங்கள் ஓசூர் தெருவில் தெலுங்கு வீட்டு ஆவக்காயும் கன்னட வீட்டு மாவடுவும் தமிழ் வீட்டு எலுமிச்சையும் வெயில் பார்த்தவைதான். ஆனால் அம்மா சொன்னதைக் கிட்டத்தட்ட அப்படியே செய்த ஒருவரின் கதை எனக்குத் தெரியும்.

1997 நவம்பர், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம். 68 வயதுக்காரர் ஒருவர் வேகவைத்த முட்டைகளைப் பல்குத்தும் குச்சியால் குத்தி, பீட்ரூட், மிளகாயோடு வினிகரில் போட்டு, ஃப்ரிட்ஜில் வைக்காமல் வெளியே வைத்தார். அவ்வப்போது வெயிலும் பட்டது. ஏழு நாள் கழித்துச் சாப்பிட்டார். பார்வை இரண்டாகத் தெரிந்தது, பேச்சு குழறியது, மூச்சு திணறியது. பாட்டுலிசம் என்ற நச்சு நோய். நீண்ட சிகிச்சைக்குப் பின் பிழைத்தார். மிச்சமிருந்ததைச் சோதித்தபோது, வினிகரின் பிஹெச் 3.5, அந்தக் கிருமி வளரவே முடியாத புளிப்பு. ஆனால் மஞ்சள் கருவில் இருந்த நச்சு, வினிகரில் இருந்ததைப் போல 1000 மடங்கு.

மஞ்சள் கருவின் இயல்பான பிஹெச் 6.8. புளிப்பே கிடையாது, காற்றும் கிடையாது. குச்சி கிருமியின் வித்தை உள்ளே கொண்டுபோய் விட்டது; வினிகர் பின்னால் மெதுவாகத்தான் வரும். அதற்குள் வெளிச் சூட்டில் கிருமி வேலையை முடித்துவிட்டது.

அப்போ நம்ம ஆவக்காய் ஏன் ஒன்றும் செய்வதில்லை? மாங்காயே புளிப்பு. கைநிறைய உப்பு. வெயில் நீரை இழுத்துவிடுகிறது. முட்டையில் இந்த மூன்றுமே இல்லை. வார்த்தையே ஊறு'காய்' தானே, முட்டை எப்படிக் காயாகும்!

வெந்த முட்டையை வினிகரில் போடுவது வேறு ஊர்ப் பழக்கம். இங்கிலாந்தின் மதுக்கடைகளில் முட்டை ஜாடி இருக்கும்; பென்சில்வேனியாவின் ஜெர்மானியர்கள் பீட்ரூட் சேர்த்துச் சிவப்பாக்கினார்கள். இந்தியாவுக்கு வினிகர் சமையலைப் பரவலாகக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். கோவாவின் விந்தாலூ அந்த வழி வந்ததுதான். நம் அடுக்களைக்குள் அது பெரிதாக நுழையவில்லை.

வயலுக்குள் நுழைந்தது. 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் கெர்கின் என்ற குட்டி வெள்ளரி பயிரானது. பிறகு தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் வந்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் ஒப்பந்த விவசாயம்தான்: விதை கம்பெனியுடையது, விலை முன்கூட்டியே பேசியது, 90 நாள் பயிர். உப்புநீரிலோ வினிகரிலோ பீப்பாயில் அடைத்துக் கப்பலேறும். 2020-21-இல் இந்தியா அனுப்பிய வெள்ளரியும் கெர்கினும் 2,23,515 டன். உலகத்துக்கு பர்கர் ஊறுகாய் போட்டுக் கொடுக்கும் நாட்டில் அதை வீட்டில் சாப்பிடுபவர் அபூர்வம். புளிப்பை அளப்பது இங்கே ஆலைக்குள்ளேயே நின்றுவிட்டது. பிஹெச் 4.6-க்குக் கீழே என்ற கோடு ஆலையில் வேலை பார்ப்பவருக்குப் பாலபாடம். அவர் வீட்டு ஜாடிக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

முட்டைக்கு மட்டும் இங்கே பஞ்சமில்லை. 1824-இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கிய மத்திகிரிப் பண்ணை இருக்கும் ஊரில்தான் இன்று கோழி வளர்ப்புக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது.

சரி, என் பாட்டில். முட்டையைக் கீறவில்லை. உரிக்கும்போது பிய்ந்த இரண்டை அன்றே மிளகு தூவிச் சாப்பிட்டேன். பாட்டிலைக் கொதிநீரில் போட்டெடுத்தேன். வினிகர், உப்பு, கொஞ்சம் வெல்லம், தட்டிய மிளகு, பூண்டு, காய்ந்த மிளகாய், கடுகு எல்லாம் கொதிக்கவிட்டு, சூடாக முட்டை மூழ்க ஊற்றினேன். அமெரிக்க வழிகாட்டிகள் 5% வினிகர் கேட்கின்றன. நம்ம கடையில் கிடைப்பது பெரும்பாலும் 4%. அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்கவில்லை. நேராக ஃப்ரிட்ஜுக்குள். சுவை நடுவரை போக இரண்டு வாரம் ஆனது. பூண்டு வாசம் மஞ்சள் கருவிலேயே இருந்தது. மாசக் கணக்கில் வைக்கும் எண்ணம் இல்லை, அடுத்த வாரத்துக்குள் தீர்த்துவிடுவேன்.

அம்மா ஒன்றைப் பாதி தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "ஆனா இது ஊறுகா இல்லடா."