மினுக்கம் வேறு, பாதுகாப்பு வேறு: காருக்குப் பொலிஷும் மெழுகும் தெரிவு செய்வது எப்படி?

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் காருக்கு என்னைவிட வயது அதிகம். 1950களின் ஆரம்பத்தில் இங்கிலாந்தில் செய்யப்பட்ட மொடல் அது. யாழ்ப்பாணத்தில் ஒரு காலம் ஏ40 என்றாலே ஹயர் கார்தான். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாதபோது, சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார் அப்பா. குண்டுவீச்சு விமானங்கள் சுற்றிய நாட்களில், வெயிலில் மினுங்கும் கூரை, பொனற், பம்பர் எல்லாவற்றிலும் சேறு பூசி, மேலே தென்னோலை போட்டு மறைத்து வைத்தார். அந்த நாட்களில் மினுக்கம் என்பது ஆபத்து. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, அந்தச் சேற்றோடுதான் எங்கள் கார் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது.

அப்பா காலமான பிறகு, மங்கிப்போயிருந்த காரை ஒருமுறை பழையபடி மினுங்க வைக்க ஆசைப்பட்டேன். ஓரிடத்தில் கொடுத்தேன். மெஷினில் கொம்பவுண்ட் வைத்து அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார்கள். பின்னேரம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த நாள் வெயிலில் பார்த்தால், பொனற்றின் நடு மேட்டில் பச்சை நிறம் போய் அடியிலிருந்த சாம்பல் நிறம் தெரிந்தது. ஓரிடத்தில் தகரமே வெளியே வந்திருந்தது. அந்தப் பச்சை அப்பா தானே கலந்து அடித்த பெயின்ற். கொடுத்த காசை மறந்துவிடலாம். அந்தப் பெயின்றை இனி எங்கே போய் எடுப்பது?

அதன் பிறகுதான் பொலிஷ் என்றால் என்ன, மெழுகு என்றால் என்ன என்று தேடிப் படிக்கவும், பழைய பெயின்ற்காரர்களிடம் கேட்கவும், சொந்தக் கையால் செய்து பார்க்கவும் தொடங்கினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆரம்பத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அதற்குள் பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. இன்று பல குடும்பங்களுக்கு ஒரு பழைய கார் அல்லது வான்தான் முதல், அதுவே வருமானம். அதன் பெயின்றைக் காப்பாற்றுவது ஆடம்பரமான வேலை அல்ல.

முதலில் பெயின்றை அறியுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் காரில் இருப்பது எந்த வகைப் பெயின்ற் என்று தெரிந்திருக்க வேண்டும். 1980களுக்குப் பின் வந்த பெரும்பாலான கார்களில் நிறப் பூச்சின் மேல் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கும். இதைக் கிளியர் கோட் என்பார்கள். பழைய கார்களிலும், எங்கள் ஊரில் மலிவாக மீள அடித்த பல வாகனங்களிலும் அது இருக்காது. நிறமும் மினுக்கமும் ஒரே பூச்சிலேயே இருக்கும்.

இதை அறிய இலகுவான வழி உண்டு. வெளியே தெரியாத ஒரு மூலையைக் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணியில் சிறிது பொலிஷ் எடுத்துத் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஒட்டினால் அது ஒற்றைப் பூச்சு. நிறம் வராவிட்டால் மேலே கிளியர் கோட் இருக்கிறது. வெள்ளைக் காருக்குக் கறுப்புத் துணி எடுங்கள்.

தொழிற்சாலையில் அடித்த கிளியர் கோட்டின் தடிப்பு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் வரைதான். ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். அதாவது மயிரைவிட மெல்லிய ஒரு படலத்தின் மேல்தான் நாங்கள் வேலை செய்கிறோம். வெயிலைத் தடுக்கும் பொருள் இருப்பதும் அந்தப் படலத்தில்தான். ஒவ்வொரு முறை கொம்பவுண்ட் போடும்போதும் அதில் கொஞ்சம் போகிறது. போனது போனதுதான்.

தகரத்தில் என்ன எழுதியிருக்கிறது?

கடையில் எல்லாத் தகரமும் "மினுக்கம்" என்றுதான் சொல்லும். ஆனால் உள்ளே இருப்பவை நான்கு வேறு வேலைகளைச் செய்பவை.

ரப்பிங் கொம்பவுண்ட்: பெயின்றை அராவும் பொருள். கடதாசியால் தேய்ப்பது போன்ற வேலையை மிக நுண்ணியதாகச் செய்கிறது. ஆழமான கீறல், முற்றாக வெளிறிய பெயின்ற் ஆகியவற்றுக்கு மட்டும் உரியது. வாராவாரம் பாவிக்கும் பொருள் அல்ல.

பொலிஷ்: இதுவும் அராவும், ஆனால் மெதுவாக. கழுவும்போது விழும் வட்டக் கீறல்களையும் மங்கலையும் எடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை போதும். பாதுகாப்பு எதையும் தராது.

மெழுகு: அராவாது. மேலே ஒரு படலமாகப் படிந்து தண்ணீர், தூசு, உப்பு ஆகியவை பெயின்றைத் தொடாமல் காக்கும். கார்னூபா என்று தகரங்களில் காணும் பெயர் பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு வகைப் பனையினுடையது. எங்கள் பனையைப் போலவே விசிறி ஓலை கொண்டது. வறட்சியில் ஓலையின் நீர் ஆவியாகாமல் இருக்க அந்த மரம் தானே பூசிக்கொள்ளும் மெழுகைத்தான், ஓலையைக் காயவைத்துத் தட்டி எடுக்கிறார்கள். அது 82 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். தனியாகக் கல்லுப் போல இறுகியிருப்பதால் வேறு மெழுகும் கரைப்பானும் கலந்தே விற்கிறார்கள். ஆகவே "கார்னூபா" என்ற சொல் தகரத்தில் இருப்பதால் மட்டும் அது முழுக்கக் கார்னூபா என்று எண்ண வேண்டாம்.

சீலன்ற்: மெழுகு செய்யும் வேலையைச் செய்யும் செயற்கைப் பொருள். எங்கள் வெயிலில் மெழுகு ஒன்றரை, இரண்டு மாதம் நின்றாலே பெரிய காரியம். நல்ல சீலன்ற் நான்கைந்து மாதம் நிற்கும். மெழுகு தரும் இதமான ஒளி பழைய நிறங்களுக்கு நன்றாக இருக்கும். சீலன்ற் கண்ணாடி போன்ற மினுக்கம் தரும்.

இவற்றுக்கு நடுவே "கிளீனர் வக்ஸ்" என்று ஒன்று வரும். அதில் மெல்லிய அராவும் பொருளும் மெழுகும் சேர்ந்திருக்கும். நேரமில்லாத ஹயர் காரருக்கு உதவும். ஆனால் மெழுகு என்று நினைத்து மாதாமாதம் போட்டால் மாதாமாதம் பெயின்றை அராவுகிறீர்கள். செரமிக் கோட்டிங் சீலன்ற்றைவிட நீண்ட நாள் நிற்கும், விலையும் அதிகம். அதன் கீழ் உள்ள கீறலை அது மறைக்காது, அப்படியே பூட்டி வைத்துவிடும். பெயின்றைச் சரிசெய்யாமல் அதைப் போடுவது வீண் செலவு.

எங்கள் தண்ணீரும் காற்றும்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் சொல்லாத சில பிரச்சினைகள் எங்களுக்கு உண்டு. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்திருக்கிறது. காரைக் கழுவி வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளிகள் படிவது அதனால்தான். அந்தப் புள்ளிகளைக் கொம்பவுண்டால் தேய்க்க ஓடாதீர்கள். வெள்ளை வினாகிரியையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, குளிர்ந்த தகரத்தில் துணியால் ஒற்றி, ஓரிரு நிமிடத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் புதிய புள்ளிகள் போய்விடும். அதன் பின் மெழுகை மீண்டும் போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பீப்பாய்த் தண்ணீர் பிடித்து வைத்தால் கடைசிக் கழுவலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது.

பருத்தித்துறை, மன்னார், முல்லைத்தீவு போன்ற கரையோரங்களில் இருப்போருக்கு உப்புக் காற்று. மெழுகு உப்பைப் பெயின்றிலிருந்து தள்ளி வைக்கும், ஆனால் கதவின் அடியிலும் சில்லுக் கூட்டிலும் பிடிக்கும் கறளை நிறுத்தாது. அந்த இடங்களை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுவதே வழி. கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் சிறு துவாரங்கள் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

காக எச்சமும் மாம்பாலும் வெயிலோடு சேர்ந்தால் ஒரு நாளிலேயே பெயின்றைக் கடித்துவிடும். நனைத்த துணியைச் சில நிமிடம் மேலே போட்டு, ஊறவிட்டு எடுங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம். வன்னியின் செம்மண் தூசியைக் காய்ந்த துணியால் துடைப்பதும் பெயின்றை மண்ணால் தேய்ப்பதும் ஒன்றுதான்.

எந்தக் காருக்கு எது?

புதிய அல்லது நல்ல நிலையிலுள்ள கிளியர் கோட் கார்: கொம்பவுண்ட் வேண்டாம். கழுவி, சீலன்ற் போடுங்கள். வருடத்துக்கு இரண்டு, மூன்று முறை போதும்.

வட்டக் கீறல் விழுந்து மங்கிய கார்: மெல்லிய பொலிஷ், பின்னர் சீலன்ற் அல்லது மெழுகு. விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் பொலிஷால் அது முழுதாகப் போகாது.

கிளியர் கோட் உரிந்து தோல் போல எழும்பிய கார்: எந்தப் பொலிஷும் உதவாது. பெயின்ற்தான் அடிக்க வேண்டும். இதற்குப் பொலிஷ் விற்பவரிடம் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.

பழைய ஒற்றைப் பூச்சுக் கார்: மெஷின் வேண்டாம், கைதான். ஆக மெல்லிய பொலிஷ், பின் மெழுகு. துணியில் நிறம் வருவது இங்கே இயல்பு, ஆனால் வேறொரு நிறம் தெரியத் தொடங்கினால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

புதிதாகப் பெயின்ற் அடித்த கார்: கரைப்பான் வெளியேற நேரம் வேண்டும். எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அடித்தவரிடமே கேளுங்கள். அதுவரை வெறும் தண்ணீர்க் கழுவல் மட்டும். விரைவில் பெயின்ற் அடிக்க இருப்பவர்கள் சிலிக்கோன் கலந்த பொருட்களைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். அது தகரத்தில் மீதமிருந்தால் புதுப் பெயின்ற் ஒட்டாமல் மீன்கண் போலக் குழி விழும்.

செய்யும் முறை

காலையில் அல்லது பின்னேரத்தில், நிழலில், கையால் தொட்டால் குளிர்ந்திருக்கும் தகரத்தில் செய்யுங்கள். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் கார் ஷம்பூ, மற்றதில் துணியை அலசத் தண்ணீர். கழுவிய பின் கையை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் கிளே எனப்படும் களிக் கட்டியை, ஷம்பூத் தண்ணீர் தெளித்து வழுக்கியபடி ஓட்டினால் ஒட்டியிருக்கும் அழுக்கு வந்துவிடும். கீழே விழுந்த களியை மீண்டும் காரில் வைக்கக் கூடாது.

பொலிஷ் போடுமுன் விளிம்புகள், மேடுகள், றப்பர் பீடிங் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் ரேப் ஒட்டுங்கள். மேடுகளில்தான் பெயின்ற் மிக மெல்லியதாக இருக்கும். இரண்டடிச் சதுரத்தில் முதலில் செய்து பாருங்கள். அது சரி என்றால் மட்டும் மீதியைத் தொடருங்கள். மெழுகைப் பத்து ரூபா நாணயம் அளவு எடுத்து, மெல்லியதாகப் பூசி, மங்கிக் காய்ந்ததும் சுத்தமான மைக்ரோபைபர் துணியால் துடையுங்கள். தடிப்பாகப் போட்டால் கூடுதலாகக் காக்காது, துடைக்கத்தான் கஷ்டம். தைத்த விளிம்பும் பொத்தானும் உள்ள பழைய சட்டைத் துணி வேண்டாம்.

மண்ணெண்ணெயும் டீசலும் தொட்டுத் துடைத்து மினுங்க வைக்கும் பழக்கம் எங்களிடம் இன்னும் இருக்கிறது. அது சில மணித்தியால மினுக்கம். தூசியை இழுத்துப் பிடிப்பதோடு றப்பரையும் கெடுக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் உடுப்புத் தோய்க்கும் பவுடரும் இருக்கும் மெழுகையும் கழுவிவிடும்.

மெழுகு போய்விட்டதா என்று அறிய ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். ஊற்றியதும் முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் இன்னும் இருக்கிறது. பாய் போல விரிந்து நின்றால் மீண்டும் போடும் நேரம் வந்துவிட்டது.

ஒருவரிடம் கொடுப்பதென்றால்

எல்லோராலும் தானே செய்ய முடியாது. கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எந்தப் பொருள் போடப் போகிறீர்கள்? மேடுகளுக்கு ரேப் ஒட்டுவீர்களா? முதலில் ஒரு மூலையில் செய்து காட்டுவீர்களா? இந்த மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்பவரிடம் நம்பிக் கொடுக்கலாம். நான் அன்று ஒன்றையும் கேட்கவில்லை.

பொனற்றின் காயத்தைப் பின்னர் ஒரு பழைய பெயின்ற்காரரிடம் காட்டினேன். "தம்பி, தகரம் தெரியிற இடத்துக்கு மட்டும் பிரைமர் வைச்சு ரச் பண்ணுவம். மிச்சத்தைத் தொட வேண்டாம்" என்றார். கூரையில் மெல்லிய கீறல்கள் நிறைய இருந்தன. அன்று சேறு பூசியதிலும் பிறகு அதைக் கழுவியதிலும் விழுந்தவை. "அதை எடுக்கலாமோ, அண்ணை?" என்று கேட்டேன். "எடுக்கலாம், ஆனா அதோட பச்சையும் போயிடும்" என்றார்.

கீறல்களை அப்படியே விட்டேன். மேலே மெழுகு மட்டும் போடுகிறேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கையால். கார் இப்போதும் மாமரத்திலிருந்து தள்ளி, கொட்டிலுக்குள் நிழலில்தான் நிற்கிறது. ஆனால் இன்று அது வெயிலுக்குப் பயந்து மட்டும்தான்.