ஊழும் ஒப்புரவும்: சயாம் ரயில்பாதையில் உயிர்பிழைத்தல்

ஈப்போ நகரையடுத்த புந்தோங், பேரா மாநிலத்தில் தமிழர் செறிந்து வாழும் பழைய குடியிருப்புகளுள் ஒன்று. தோட்டங்களிலிருந்து பெயர்ந்து இங்குக் குடியேறிய முதியோர், ஜப்பானியர் காலத்தில் சயாமுக்குச் சென்று மீண்டவர்களைப் பற்றிப் பேசுகையில் பெரும்பாலும் ஒரே விளக்கம் தருவர்: ‘ஆயுசு கெட்டி, தலையெழுத்து நல்லா இருந்தது.’ இவ்விளக்கம் வரலாற்றுக்குப் போதுமானதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. திருக்குறள் ஊழுக்கும் ஒப்புரவறிதலுக்கும் தனித்தனி அதிகாரங்களை வகுத்துள்ளது. இந்நினைவுகளிலும் அவ்விரண்டையும் இணைத்தே நோக்குதல் வேண்டும்.

1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. ரப்பர் ஏற்றுமதி தடைப்பட்டதால் தோட்டத் தொழிலாளர் வேலை இழந்தனர். அரிசி அருகி, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. பர்மாவுக்குச் செல்லும் கடல்வழி பாதுகாப்பற்றதாகவே, சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதை 1942இல் தொடங்கப்பெற்று 1943 அக்டோபரில் முடிக்கப்பெற்றது. மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி என்ற வாக்குறுதியை நம்பிச் சென்றோர் உண்டு. வலிந்து ஏற்றிச் செல்லப்பட்டோரும் உண்டு.

அங்குப் பணியாற்றிய நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களுள் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் 1,80,000க்கும் மேற்பட்டோர் எனவும், அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் இறந்தனர் எனவும் மதிப்பிடப்படுகிறது. காடும் மழையும் வாந்திபேதியும் இருசாராருக்கும் பொதுவே. ஆயினும் ஐந்தில் ஒருவர் இறந்த இடத்தில் மற்றொரு சாராருள் இருவரில் ஒருவர் இறந்தனர். கைதிகளிடையே படை மருத்துவர்களும் கட்டமைந்த ஒழுங்கும் இருந்தன. தோட்டத்து மக்களுக்கு அத்தகைய காப்பு இல்லை. நோயுற்றவனுக்குக் கொதித்த நீர் கொடுக்கவும் அவனைத் தூக்கிச் செல்லவும் உடனிருந்த தோழனே மருத்துவனாதல் வேண்டியிருந்தது. எனவே, ‘தலையெழுத்து’ என்னும் சொல்லின் பின்னே பெயர் அறியப்படாத ஒருவரின் உதவி மறைந்திருத்தல் கூடும்.

எனினும், ஒப்புரவாளர் தாம் நற்பேறு பெறுவர் எனவும் கூற இயலாது. ஈப்போவையடுத்த பாப்பான் சிற்றூரில் தாதியாகப் பணிபுரிந்த சிபில் கார்த்திகேசு, ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்கு மறைவாக மருத்துவம் செய்தார். 1943இல் கைதாகிக் கொடிய வதைக்கு உள்ளானபோதும் அவர்களைக் காட்டிக்கொடுத்தாரல்லர். விடுதலைக்குப்பின் ஜார்ஜ் பதக்கம் பெற்றார்; ஆயினும் 1948 ஜூனில் மறைந்தார். அவர் காத்த உயிர்கள் வாழ்ந்தன. அவர் நெடிது வாழவில்லை. நற்பேறு ஒருவருக்கு வாய்த்தபோது அதன் விலையை மற்றொருவர் செலுத்தியிருந்தார்.

மாண்டோர் தம் தலையெழுத்தைச் சொல்ல மீண்டு வந்தாரல்லர். பிழைத்தோர் கூற்றே நமக்கு எஞ்சியது. தற்செயலின் பங்கை மறுப்பதற்கில்லை. உதவியவரும் உதவி பெற்றவரும் ஒருங்கே மாண்ட முகாம்கள் இருந்தன. ஆயினும், அனைத்தையும் ஊழின்மேல் ஏற்றுவது இரு பிழைகளுக்கு இடந்தரும்: கொடுமை இழைத்தோர் பொறுப்பினின்று தப்புவர், உதவியோர் மறக்கப்படுவர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் கைதிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழ்த் தொழிலாளருள் மிகப் பலருக்குக் கல்லறையே இல்லை.

பிழைத்து வந்தோருள் பெரும்பாலோர் மறைந்துவிட்ட இன்று, அவர்தம் மக்கள் புந்தோங் போன்ற இடங்களில் வாழ்கின்றனர். ‘தலையெழுத்து’ என்று அவர்கள் சொல்லி நிறுத்தும் இடத்தில் ஆய்வாளர் மற்றொரு வினாவைக் கேட்டல் வேண்டும்: ‘அன்று அவருக்குத் தண்ணீர் கொடுத்தவர் யார்?’ விடையாக ஒரு பெயர் கிடைப்பினும் அது பதிவு செய்யத் தக்கதே.