காணாக்கடியும் கழுத்துச் சுரப்பியும்

உடலெங்கும் தடிப்பு எழுந்து அரிக்கும் நோயைக் காணாக்கடி என்கிறோம். கண்ணிற்படாத ஏதோ ஒன்று கடித்துவிட்டது என்பது அப்பெயரின் கருத்து. எங்கள் இராகலையில் கொழுந்து கொய்யும் பெண்கள் தேயிலைச் செடியிலுள்ள பூச்சியைப் பழிப்பர். ஆறு வாரத்துக்கு மேலும் தடிப்பு நீடிக்குமாயின், பூச்சி பெரும்பாலும் குற்றமற்றது. அதற்கான தடயங்களுள் ஒன்று, எவரும் எதிர்பாராவண்ணம், கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பியிற் கிடைத்தது.

1912ஆம் ஆண்டில் ஹஷிமோட்டோ என்னும் ஜப்பானிய வைத்தியர், நான்கு பெண்களின் வீங்கிய சுரப்பிகளில் வெள்ளணுக்கள் மொய்த்திருந்ததை எழுதிவைத்தார். காரணம் விளங்க நாற்பத்து நான்கு ஆண்டுகள் சென்றன. 1956இல் இலண்டனில் ரொயிற், டோனியாக் அம்மையார் முதலியோர், அந்நோயாளரின் இரத்தத்திலேயே அவர்தம் சுரப்பிக்கு எதிரான எதிர்ப்பொருள்களைக் கண்டனர். வேலியே பயிரை மேய்ந்திருந்தது! 1983இல் கனடாவில் லெஸ்னோவ் குழுவினர், நாட்பட்ட காணாக்கடியுடையோர் 140 பேரை ஆராய்ந்து, 17 பேரிடம் இதே உட்பகையைக் கண்டனர். ஒன்று மற்றதை விளைக்கிறதா, இரண்டும் ஒரே வேரின் கிளைகளா என்பது இன்னும் முடிவாகவில்லை.

இலங்கையில் முன்கழுத்துக் கழலையைத் தடுக்க, 1995இல் உப்பில் அயடீன் சேர்த்தல் சட்டமாயிற்று. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, நம் பள்ளிச் சிறுமியரிடம் தைராய்டு எதிர்ப்பொருள் மிகுந்திருக்கக் கண்டு, அயடீன்தான் காரணமோ என வினவிற்று. அதற்காக உப்பைப் பழித்தல் தகாது. அயடீன் குன்றினாற் கருவிலுள்ள சிசுவின் மூளையே குன்றும்.

தடிப்பு மாதக்கணக்கில் தொடர்ந்து, சோர்வும் கழுத்து வீக்கமும் உடன் தோன்றுமானால், தைராய்டுக்கான இரத்தப் பரிசோதனை தமக்கு வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்கலாம். சுரப்பிக் குறைவுக்கு மருந்துண்டோரிற் சிலருக்குத் தடிப்பும் அடங்கியதுண்டு, எல்லோருக்கும் அன்று.