ரீப்பர்

ஒலிப்பதிவு, தொகுப்பு, ஒலிக்கலவை ஆகியவற்றைக் கணினியில் செய்வதற்கான மென்பொருள். வின்ஆம்ப்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கல் தொடங்கிய காக்கோஸ் நிறுவனம் இதை 2005இல் வெளியிட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும்.

இதன் டிராக்குகளில் வகைப் பிரிவு கிடையாது. குரல், மிடி, வீடியோ எதையும் ஒரே டிராக்கில் வைக்கலாம். ஒரு டிராக்கின் ரூட் பொத்தானை இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் ஒலி அங்கும் போய்ச் சேரும். எஸ் விசையைத் தட்டினால் கர்சர் நிற்கும் இடத்தில் பதிவு இரண்டாகப் பிரியும். மூலக் கோப்பு அப்படியே இருக்கும். லுவா, பைத்தான் மொழிகளில் சிறு நிரல் எழுதிப் புதிய கட்டளைகளையும் சேர்க்கலாம். ரீப்பரின் உண்மையான பலம் இதுதான். ரீஈக்யூ, ரீகாம்ப் போன்ற பிளக்-இன்கள் உடன் வருகின்றன. இசைக்கருவி ஒலிகள் மட்டும் சொற்பம். அவற்றை வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

எந்த வசதியும் குறையாமல் 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். சொந்தப் பயன்பாட்டுக்கும், ஆண்டு வருவாய் 20,000 டாலரைத் தாண்டாத தொழிலுக்கும் உரிமம் 60 டாலர். மற்ற வணிகப் பயன்பாட்டுக்கு 225 டாலர். கெடு முடிந்த பின்னும் மென்பொருள் பூட்டிக்கொள்ளாது, நினைவூட்டல் மட்டும் வரும். தொடர்ந்து பயன்படுத்துவோர் உரிமத்தை வாங்கிவிடுவதே முறை.