தாடை எலும்பு ஒன்றா, இரண்டா?

குர்ஆன் ஓதக் கற்பிப்போர், பிள்ளைகளின் வாயைப் பெற்றோரைவிடக் கூர்ந்து நோக்கும் பழக்கம் உடையவர்கள். மேல்முன்பற்களின் நுனி கீழுதட்டின் உட்புறத்தைத் தொடும்போது 'ஃபா' என்னும் எழுத்துப் பிறக்க வேண்டும் என்பது தஜ்வீதின் விதி. திருப்புட்குழியில் என்னிடம் ஓதிய பெண்பிள்ளை ஒருத்திக்கு அது தலைகீழாகப் பிறந்தது. கீழ்ப்பற்கள் முன்னே நீண்டு மேலுதட்டைத் தொட்டன. கவனக்குறைவு என்று எண்ணி அவளை நான் பலமுறை கடிந்துகொண்டேன். அவளுடைய நாவில் குற்றமில்லை, தாடையின் அமைப்பே அவ்வாறு உள்ளது என்பதை உணர எனக்கு நெடுநாள் ஆயிற்று. அதை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன்.

அவளுக்குப் பதினெட்டு வயது நிரம்பியபின் பல் மருத்துவர் ஒருவர் பார்த்துவிட்டு, கீழ்த்தாடை அளவுக்கு மிஞ்சி வளர்ந்திருக்கிறது, மேல்தாடை பின்வாங்கியிருக்கிறது, எலும்பை அறுத்து நகர்த்திப் பொருத்த வேண்டும் என்று சொன்னார். வீட்டில் கலக்கம் உண்டாயிற்று. "ஹஜ்ரத், அல்லாஹ் கொடுத்த முகத்தை அறுத்து மாற்றலாமா? மார்க்கத்தில் கூடுமா?" என்று தாயார் கேட்டார். "பேச்சு ஏதும் போய்விடாதே?" என்பது தந்தையின் கவலை. இரண்டு கேள்விகளும் நியாயமானவை. அவற்றுக்கு விடை தேடிக் கிதாபுகளைப் புரட்டியபோது, இந்தத் தாடை எலும்பைப் பற்றி நம் முன்னோர் நடத்திய பெரிய ஆராய்ச்சி ஒன்று கண்முன் வந்து நின்றது.

ஆசிரியர் சொன்னதை மாணவர் மறுத்துரைத்த வரலாறு திருப்புட்குழிக்குப் புதிதன்று. இவ்வூரில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்ற இராமாநுசர், ஆசிரியர் கூறிய பொருள் பொருந்தாது என்று மறுத்து வேறு பொருள் உரைத்தார் என வைணவ மரபு கூறும். அது பதினோராம் நூற்றாண்டின் செய்தி. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் மிசிறு நாட்டில், ஆயிரம் ஆண்டுப் புகழுடைய ஓர் ஆசானின் கூற்றை ஒருவர் மறுத்தார். அவர் பகுதாதில் 1162இல் பிறந்த அப்துல் லத்தீஃப் அல்பகுதாதீ. மறுக்கப்பட்டவர் யவன மருத்துவர் ஜாலீனூஸ். ஐரோப்பியர் காலன் என்று அழைப்பது இவரைத்தான்.

கீழ்த்தாடை இரண்டு எலும்புகளாலானது, அவை மோவாயில் இறுக இணைந்துள்ளன என்பது ஜாலீனூஸின் கூற்று. அவர் பெரும்பாலும் விலங்குகளை அறுத்துப் பார்த்தே எழுதியவர். நாய் போன்றவற்றின் தாடை உண்மையிலேயே இரு பாதிகளாக உள்ளது. ஆயினும் மருத்துவ உலகம் ஆயிரம் ஆண்டுகளாக அவர் சொல்லை ஐயுறவில்லை. 1200ஆம் ஆண்டு தொடங்கி மிசிறு நாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியது. காஹிராவை அடுத்த மக்ஸ் என்னுமிடத்தில் மனித எலும்புகள் குவியலாகக் கிடந்தன. அல்பகுதாதீ அங்குச் சென்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். எந்தத் தாடையிலும் மூட்டோ பொருத்தோ இல்லை. தாம் பார்த்தது மட்டும் போதாது என்று பிறரையும் பார்க்கச் செய்தார். ஜாலீனூஸ் எவ்வளவு பெரியவராயினும் கண்ணின் சாட்சியம் அவரினும் பெரிது என்னும் கருத்தைத் தம் 'கிதாபுல் இஃபாதா வல் இஃதிபார்' என்னும் நூலில் பதிவு செய்தார். ஐரோப்பாவில் வெஸாலியஸ் இதே திருத்தத்தைச் செய்தது 1543இல்!

ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஜாலீனூஸ் முற்றிலும் தவறியவரல்லர். பிறந்த குழந்தையின் கீழ்த்தாடை இரு பாதிகளாகவே இருக்கிறது. முதல் ஆண்டுக்குள் அவை கூடி ஓரெலும்பாகிவிடுகின்றன.

இவருக்கும் முன்னர் குர்துபாவை அடுத்த ஸஹ்ரா நகரில் வாழ்ந்த அபுல்காஸிம் அஸ்ஸஹ்ராவீ, முறிந்த தாடையைப் பொருத்தும் முறையை எழுதி வைத்தார். அவர் ஏறத்தாழ 1013இல் காலமானார். அவருடைய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பகுதிகள் கொண்டது. அறுவை மருத்துவம் பற்றிய இறுதிப் பகுதியில் ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்கள் உள்ளன. எலும்பை அதன் இடத்தில் அமர்த்தி, ஆடும் பற்களைப் பொன் அல்லது வெள்ளிக் கம்பியாலோ பட்டு நூலாலோ பிணைக்கச் சொல்கிறார். வெள்ளி நிறம் மாறிக் கெடும், பொன் மாறாது என்பதால் பொன்னே சிறந்தது என்பது அவர் கருத்து. உடற்கூறு அறியாத வைத்தியன் ஒருவன், ஒரு பெண்ணின் கழுத்திலிருந்த கட்டியை அறுக்கப்போய் இரத்தக் குழாய்களை வெட்டிவிட, அவள் தன் கண்முன்னே குருதி சிந்தி இறந்ததையும் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். முழு மயக்கமும் கிருமிநீக்கமும் இல்லாத காலம் அது.

முறிந்ததைப் பொருத்துவது ஒன்று, முறியாத எலும்பை வேண்டுமென்றே அறுத்துத் திருத்துவது மற்றொன்று. இரண்டாவதன் தொடக்கத்தை 1849இல் காண்கிறோம். சிறுவயதில் பட்ட தீக்காயத்தின் தழும்பு இழுத்ததால் கீழ்த்தாடை நீண்டுபோன ஓர் இளம்பெண்ணுக்கு, அமெரிக்காவின் வீலிங் நகரில் ஸைமன் ஹல்லிஹென் என்பவர் இதைச் செய்தார். 1901இல் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெ ஃபோர், பிணங்களின் தலைகளை ஆராய்ந்து, அடிபட்டால் முகவெலும்பு எந்தக் கோடுகளில் பிளக்கிறது என்பதை வகுத்துக் காட்டினார். மேல்தாடையை நகர்த்தும் மருத்துவர்கள் அவருடைய முதற்கோட்டின் வழியேதான் இன்றும் அறுக்கின்றனர். கீழ்த்தாடையின் பின்பகுதியைப் பலகையை ஏடாகப் பிளப்பதுபோல் உள்ளும் புறமுமாகப் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்றை நகர்த்திப் பொருத்தும் முறையை ஆஸ்திரிய நாட்டு ஹூகோ ஓப்வெகேஸர் 1957இல் வெளியிட்டார். வாய்க்குள்ளேயே அறுப்பதால் முகத்தில் பெருந்தழும்பு விழுவதில்லை. அக்காலத்தில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ஆறு வாரம் கம்பியால் இறுகக் கட்டி வைப்பார்கள். டைட்டானியத் தகடுகளும் திருகாணிகளும் வந்தபின் அத்துன்பம் பெரிதும் குறைந்தது.

நம் நாட்டில் இக்கலை வேரூன்றியதில் ஒரு முஸ்லிம் பெருமகனுக்குப் பங்குண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பயின்ற டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மது, 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். 1949இல் அதை அரசிடம் ஒப்படைத்தார். இன்று அக்கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சென்னையில் கோட்டை இரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இல் தோன்றியது. அறுவை என்றதும் கடன் வாங்கத் துணியும் குடும்பங்கள், முதலில் அங்குச் சென்று ஒரு கருத்துக் கேட்பது நலம்.

இனித் தந்தையின் கேள்வி. கீழ்த்தாடை எலும்பின் உள்ளே ஒரு கால்வாய் ஓடுகிறது. அதில் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு செல்கிறது. ஓப்வெகேஸர் முறையில் எலும்பைப் பிளக்கும்போது அந்த நரம்பின் பக்கத்திலேயே கருவி செல்ல வேண்டும். ஆகவே அறுவைக்குப்பின் கீழுதடு மரத்துப்போவது மிகச் சாதாரணம். பலருக்குச் சில மாதங்களில் உணர்ச்சி திரும்பும், சிலருக்கு ஓரளவு மரப்பு நிலைத்துவிடும். உதட்டை அசைக்கும் நரம்பு வேறு. ஆதலால் பேச்சுப் போய்விடுவதில்லை. ஆயினும் இம்மரப்பை முன்கூட்டியே கேட்டறியாதவர் பின்னர் ஏமாற்றப்பட்டதாக வருந்துவர். அறுவைக்கு முன் கேட்க வேண்டிய முதற்கேள்வி இதுவே.

வளர்ச்சி நின்றபின்னரே இதைச் செய்வது வழக்கம். பெண்பிள்ளைகளுக்கு அது முந்தியும் ஆண்பிள்ளைகளுக்குப் பிந்தியும் அமையும். கீழ்த்தாடை நீண்டவர்களுக்கு வளர்ச்சி சற்றுக் கூடுதலாகவே தொடரக்கூடும். ஆதலால் இடைவெளி விட்டு எடுத்த எக்ஸ்ரே படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அறுவைக்கு முன் ஓராண்டு அல்லது அதற்கு மேலும், நம் மக்கள் 'கிளிப்பு' என்று சொல்லும் கம்பியைப் பல்லில் போட்டிருக்க வேண்டும். பின்னரும் சில மாதங்கள் அது தொடரும். முதலில் நீராகாரம், பிறகு குழைந்த சோறு என ஆறு வாரமாவது செல்லும். வீக்கம் வடியும்வரை கண்ணாடியில் தெரிவது அயலார் முகம்போல் இருக்கும். எலும்பு சிறிது பழைய இடம் நோக்கித் திரும்புவதும் உண்டு. கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டு அவசரமாக வருவோரைக் கண்டு மருத்துவர்கள் தயங்குவது இதனாலேயே.

தாயாரின் கேள்விக்கு வருவோம். அழகுக்காகப் பல்லை அராவி இடைவெளி உண்டாக்கும் பெண்களை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸ் அவர் மனத்தில் இருந்தது. ஆனால் அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தியும் ஹதீஸ் நூல்களில் உள்ளது. குலாப் போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளியால் மூக்கு அமைத்துக்கொண்டார். அது நாற்றமெடுக்கவே, பொன்னால் அமைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அவரைப் பணித்தார்கள். ஆண்களுக்குத் தடுக்கப்பட்ட பொன், குறையை நீக்க ஆகுமாயிற்று. 2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், பிறவியிலோ பின்னரோ ஏற்பட்ட குறையைத் திருத்தும் அறுவை கூடும் என்றும், மனவிருப்பத்துக்காக இயல்பான உருவை மாற்றுவது கூடாது என்றும் தீர்மானித்தது. வரக்கூடிய தீங்குகளை மருத்துவர் முன்னரே விளக்க வேண்டும் என்பதையும் அது நிபந்தனையாக வைத்தது. மெல்ல முடியாமல், பல் பொருந்தாமல் துன்புறும் பிள்ளைக்குச் செய்வது முதல்வகையைச் சேர்ந்தது என்றே நான் அவரிடம் சொன்னேன். நடிகையின் மோவாயைப்போல் வேண்டும் என்று வருபவர் நிலை வேறு.

ரமலானை அடுத்து அறுவை வந்தால் நோன்பைப் பின்னர் கழாச் செய்துகொள்ளலாம். ஹனஃபிகளுக்குக் குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஃபர்ளு ஆகையால், தையல் ஆறும்வரை எவ்வளவு நீரை வாயில் கொள்ளலாம் என்று மருத்துவரிடமே கேட்டு, அதன்பின் ஆலிமிடம் கேட்க வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது கம்பி போட்டிருக்கிறார்கள். அறுவைக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. அதுவரை அவளுடைய 'ஃபா' எப்படிப் பிறக்கிறதோ அப்படியே ஓதட்டும் என்று சொல்லிவிட்டேன்.