பார்டர்லைன்: அந்தக் கோட்டைப் போட்டது யார்?



"சீட்டுல பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்னு எழுதியிருக்காங்க சார். பார்டர்லைன்தானே, அப்போ லேசாதான இருக்கு?"

ஓபியில் இந்தக் கேள்வி வரும். பார்டர்லைன் சுகர் மாதிரி நினைச்சுக்கிறாங்க. அப்படி இல்லீங்க. அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு இருக்கு. வாங்க, பார்ப்போம்.

1) அன்றைய உளவியலில் ரெண்டு பெரிய பெட்டிகள். பயம், பதற்றம் இருக்கும், ஆனால் நிஜம் எதுனு தெரியும் என்றால் நியூரோசிஸ். நிஜத்தோடு தொடர்பே அறுந்துவிட்டால் சைகோசிஸ். சிலர் இந்த ரெண்டுக்குள்ளும் அடங்கவில்லை. 1938இல் அமெரிக்க மருத்துவர் அடால்ஃப் ஸ்டெர்ன் அவர்களை "எல்லைக்கோட்டுக் குழு" என்று எழுதினார்.

ஆக, அந்தக் கோடு மருத்துவர்கள் தங்கள் குழப்பத்துக்குப் போட்டுக்கொண்டது. நோயாளியின் வலி எவ்வளவு என்பதை அது அளக்கவே இல்லை.

2) 1967இல் ஓட்டோ கெர்ன்பெர்க், 1975இல் கண்டர்சன், சிங்கர் ஆகியோர் இதன் அடையாளங்களைத் தெளிவாக்கினார்கள். 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேட்டில் இடம் கிடைத்தது.

அடையாளங்கள்? விட்டுட்டுப் போயிடுவாங்களோ என்ற தீராத பயம். சில மணி நேரத்தில் தலைகீழாகும் மனநிலை. இன்று தெய்வமாகத் தெரிபவர் நாளை எதிரி. உள்ளே ஒரு வெறுமை. தன்னையே காயப்படுத்திக்கொள்வது.

3) பெயர் சரியாக வருவதற்கு முன் நோயாளிகள் என்ன ஆனார்கள்?

1961. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஒரு மனநல மருத்துவமனை. 17 வயது மார்ஷா லினெஹன் சேர்க்கப்படுகிறார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டே இருந்தார். ஸ்கிசோஃப்ரினியா என்றார்கள். மாத்திரைகள், மின் அதிர்வு சிகிச்சை, தனியறை. ரெண்டு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தும் எதுவும் கைகொடுக்கவில்லை.

4) அதே பெண் பின்னாளில் உளவியல் பேராசிரியர் ஆனார். "உன்னை மாத்திக்கோ" என்று மட்டும் சொன்னால் நோயாளி உடைந்துபோகிறார். "உன் வலி புரியுது" என்று மட்டும் சொன்னால் வாழ்க்கை மாறுவதில்லை. அதனால் ரெண்டையும் சேர்த்தார். டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி, பிறந்தது. 1991இல் வெளியான ஆய்வில், தன்னைக் காயப்படுத்திக்கொள்வதும் மருத்துவமனையில் படுக்கும் நாட்களும் குறைந்தன.

2011இல், தான் அடைபட்டிருந்த அதே மருத்துவமனைக்குத் திரும்பிப் போய், "நானும் இங்கே நோயாளியாக இருந்தவள்" என்று வெளிப்படையாகச் சொன்னார்.

5) "இது தீரவே தீராது" என்ற பேச்சும் உடைந்தது. மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஸனரினி குழு 290 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. 10 வருடத்தில் 10இல் 8 பேருக்கு மேல் அறிகுறிகள் தணிந்து, பல ஆண்டுகள் அப்படியே நீடித்தது. வேலை, உறவு என்று வாழ்க்கை முழுசாகச் சீராவதற்கு இன்னும் நேரம் பிடிக்கும். ஆனால் நம்பிக்கைக்கு இடம் நிறையவே இருக்கு.

6) இப்போ உங்க வீட்டுக்கு வருவோம்.

❌ "நடிக்கிறா", "கவனம் ஈர்க்கத்தான் பண்றான்" என்று சொல்லாதீங்க.
✅ கத்தினால் பதிலுக்குக் கத்தாம, "உனக்குக் கஷ்டமா இருக்குனு புரியுது"னு முதல்ல சொல்லுங்க. யோசனையெல்லாம் அப்புறம்.
✅ இதுக்கு முதன்மை சிகிச்சை பேச்சு சிகிச்சைதான். கூடவே இருக்கும் மனச்சோர்வு போன்றவற்றுக்கு மாத்திரை உதவும். நீங்களா நிறுத்தாதீங்க.
✅ சாவு பற்றிப் பேசினால் மிரட்டல்னு தள்ளாதீங்க. தனியா விடாம உடனே அழைச்சிட்டு வாங்க.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கு. 14416 டெலிமானஸ், 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.

தேவைப்படும் ஒருவருக்காவது இதை அனுப்புங்க.