அக்காடிய மொழி: இலக்கணம் மாறிய கதை

இலக்கணம் என்றதும், ‘அய்யய்யோ, விழா மலரிலுமா?’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பரீட்சைக்கு வராத இலக்கணம். இன்றைக்கு ஈராக் என்கிறோமே, அந்த மண்ணில் தைகிரிஸ், யூப்ரடீஸ் என்ற இரண்டு ஆறுகளின் கரையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழங்கி, பின்பு பேச ஆளில்லாமல் போன அக்காடிய மொழியின் கதை.

அரபு, ஹீப்ரு மொழிகளுக்கு அக்காடியம் உறவு. கி.மு. 2300 வாக்கில் சார்கோன் என்ற அரசன் அக்காடு நகரத்திலிருந்து ஆண்டான். அந்த ஊர்ப் பெயரே மொழிக்கும் ஆனது. ஈரக் களிமண்ணைப் பலகையாகத் தட்டி, நாணல் குச்சியால் அழுத்தி எழுதினார்கள். ஒவ்வொரு கீற்றும் ஆப்பு மாதிரி விழும். அதனால் ஆப்பெழுத்து என்று பெயர். ஓலை என்றால் செல்லரிக்கும், காகிதம் என்றால் மக்கும். களிமண் ஏடு அப்படிப் போகவில்லை. அதனால்தான் ஒரு மொழி தலைமுறை தலைமுறையாக எப்படி மாறியது என்பதை இன்று எடுத்து வைத்துப் பார்க்க முடிகிறது.

கி.மு. 1750 வாக்கில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டக் கல்லைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 1901, 1902ஆம் ஆண்டுகளில் ஈரானில் சூசா என்னுமிடத்தில் அகப்பட்டு, இப்போது பாரிஸில் லூவர் காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து மொழியில் அரசனுக்கு ‘ஷர்ரும்’ என்று சொல். அரசன் வந்தான் என்றால் ‘ஷர்ரும்’. அரசனை என்றால் ‘ஷர்ரம்’. அரசனுடைய என்றால் ‘ஷர்ரிம்’. நம் வேற்றுமை உருபு போலத்தான், ஆனால் நடுவில் ஓர் உயிரெழுத்து மட்டும் மாறுகிறது. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். உறவு மொழிகளில் அப்படி இல்லை. பக்கத்து வீட்டுச் சுமேரியர் மொழியோடு பழகிப் பழகி வந்த பழக்கம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

அதற்கும் முன்னால், சார்கோன் காலத்தில், ஒருமை பன்மை போக இருமை என்று ஒன்று தாராளமாக வழங்கியது. ஹம்முராபி காலத்துக்குள் அது கண், காது, கை என்று ஜோடியாக இருக்கிற உறுப்புகளோடு பெரும்பாலும் ஒதுங்கிவிட்டது. ‘ஈனும்’ என்றால் கண். ‘ஈனான்’ என்றால் இரண்டு கண்கள்.

பிறகு நடந்ததுதான் சுவையானது. சொல்லின் கடைசியில் நிற்கிற ‘ம்’ உதிர ஆரம்பித்தது. கி.மு. 1500 வாக்கில் ஷர்ரும் என்பது ‘ஷர்ரு’ ஆகிவிட்டது. இதென்ன புதுமை என்கிறீர்களா? ‘மரம்’ என்று ஒரு பிள்ளையைச் சாதாரணமாகப் பேசச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அந்த ‘ம்’ வாய்க்கு வராமல் மூக்கோடு போய்விடும்! எழுதும்போது மட்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அக்காடியத்தில் எழுத்திலிருந்தும் போச்சு. இன்னும் பல நூற்றாண்டு கழித்து ‘ஷர்ரு’வும் ‘ஷர்ர’வும் ஒன்றாய்க் கலந்தன. யார் அடித்தார், யாரை அடித்தார் என்பதை உருபு சொல்லாமல், சொல் நிற்கும் இடமே சொல்ல வேண்டியதாயிற்று. அரசனுடைய வீடு என்பதற்கு முன்பு ‘பீத் ஷர்ரிம்’ என்று இரண்டு சொல்லை ஒட்டினால் போதும். பிற்காலத்தில் ‘உடைய’ என்று பொருள் தரும் ‘ஷ’வை இடையில் போட்டு, ‘பீத்து ஷ ஷர்ரி’ என்று சொல்வது பெருகிவிட்டது.

இதெல்லாம் எப்படித் தெரியும்? எழுதியவர்களின் தடுமாற்றத்தால்தான் பெரிதும் தெரிகிறது. எழுத்துப் பள்ளியில் பழைய இலக்கணத்தைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். பிற்காலப் புலவர்களும் இலக்கியம் என்று வந்தால் பழைய நடையில்தான் எழுதப் பார்த்தார்கள். ஆனால் ‘உ’ வர வேண்டிய இடத்தில் ‘அ’, ‘அ’ வர வேண்டிய இடத்தில் ‘உ’ என்று கை மாறி மாறி எழுதியது. வாயில் இல்லாத எழுத்து கைக்கு எங்கே வரும்? தப்பே இல்லாமல் எழுதியிருந்தால் பேச்சு மாறிய விஷயம் நமக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. வருஷம் முழுக்கச் சிவப்பு மையோடு உட்காரும் என்னைப் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான உண்மைதான்.

இதற்கிடையில் அராமிய மொழி உள்ளே வந்துவிட்டது. அதற்கு 22 எழுத்து. ஆப்பெழுத்துக்கோ பல நூறு குறிகள். கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் எது ஜெயிக்கும், சொல்லுங்கள்? கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் அசீரியாவை ஆண்ட இரண்டாம் சார்கோனுக்கு ஊர் நகரத்து அதிகாரி ஒருவர், தாம் அராமியத்தில் தோலில் எழுதி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறார். ஏன் அக்காடியத்தில் எழுதக் கூடாது, வழக்கப்படியே எழுது என்று அரசன் பதில் போட்டான். அந்தப் பதில் களிமண் ஏட்டில் இன்றும் இருக்கிறது. பாருங்கள், அரசனே கடிதம் போட வேண்டிய நிலை வந்துவிட்டது! ஆனாலும் அக்காடியத்தை வீட்டில் பேசுவோர் குறைந்துகொண்டே போனார்கள்.

கி.மு. 331இல் அலெக்சாந்தர் பாபிலோனுக்குள் நுழைந்த பிறகு கிரேக்கமும் வந்தது. அப்போதும் கோவில்களில் சிலர் ஆப்பெழுத்தைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பயிற்சிக்காக எழுதிய சில ஏடுகள் கிடைத்திருக்கின்றன. ஒரு பக்கம் ஆப்பெழுத்து, மறுபக்கம் அதையே கிரேக்க எழுத்தில், காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்கள். ஆப்பெழுத்துப் பக்கத்தில் சொல்லின் கடைசி உயிரெழுத்து பழைய மரியாதையோடு நிற்கிறது. கிரேக்கப் பக்கத்தில் அந்தக் குறில்கள் இல்லை. வேற்றுமையைக் காட்டிய உயிரெழுத்து உச்சரிப்பில் எப்போதோ செத்துவிட்டிருக்கிறது.

நமக்குத் தெரிந்த கடைசி ஆப்பெழுத்து ஏடுகள் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வான நூல் கணக்குகள். அதன் பிறகு அந்த எழுத்தைப் படிக்கவே ஆளில்லை. 1857இல் லண்டனில் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரே கல்வெட்டு வாசகத்தை நான்கு அறிஞர்களிடம் தனித்தனியே கொடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல் மொழிபெயர்க்கச் சொன்னார்கள். உறையைப் பிரித்துப் பார்த்தால் நால்வர் எழுதியதும் பெரும்பாலும் ஒத்திருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1921இல் தொடங்கிய அக்காடிய அகராதி 21 தொகுதிகளாக 2011இல்தான் முடிந்தது. தொண்ணூறு வருஷ வேலை! அதில் ‘ஷர்ரு’ என்று தேடினால், ‘ம்’ இருந்த காலத்து உதாரணமும் ‘ம்’ போன காலத்து உதாரணமும் ஒரே சொல்லின் கீழே கிடக்கின்றன.